தவிட்டிலும் பப்பாளிப் பாலிலும் உள்ள கொழுப்புப் பிளக்கும் நொதிகள்: பர்மாவில் ஆலை, பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஐராவதிக் கழிமுகத்தில் பச்சரிசி அரைக்கும் எந்த ஆலையிலும் இதைப் பார்க்கலாம். காலையில் விழும் தவிடு இனிப்பாக இருக்கும். ஓரிரு நாளில் அதில் கசப்பு ஏறும், ஒரு வாரத்தில் காறல் நெடி மூக்கைத் துளைக்கும். அதன் பிறகு மாட்டுத் தீவன வியாபாரிதான் அதை வாங்குவார், அதுவும் அவர் சொன்ன விலைக்கு. இந்தக் கசப்பு வெளியிலிருந்து வருவதில்லை. நெல்லின் மேலுறையிலேயே இருக்கும் லைபேஸ் என்ற நொதி, தவிட்டு எண்ணெயைக் கொழுப்பமிலமாகப் பிளந்துகொண்டே இருப்பதால் வருகிறது.

கொழுப்பைப் பிளப்பது உலகெங்கும் பெரிய தொழில். சோப்பு, மெழுகுவர்த்தி, பெயின்ட், ரப்பர், அழகுப் பொருள்கள் என எல்லாவற்றுக்கும் கொழுப்பமிலமும் கிளிசராலும் வேண்டும். பெரிய தொழிற்சாலைகள் இதற்கு எண்ணெயையும் நீரையும் சுமார் 250 டிகிரி வெப்பத்தில், 50 வளிமண்டல அழுத்தத்தில், உயரமான எஃகுக் கோபுரத்துக்குள் எதிரெதிராகச் செலுத்துகின்றன. அதே வேலையை நம் தவிட்டு மூட்டை கொதிகலனோ மின்சாரமோ இல்லாமல் தானாகவே செய்துகொண்டிருக்கிறது. அதை நாம் கெட்டுப்போதல் என்ற பெயரில் நட்டக் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

தாவர லைபேஸைச் சுத்திகரித்துப் புட்டியில் அடைத்து விற்கும் போட்டி நமக்கு உகந்தது அல்ல என்பது என் கருத்து. அந்தச் சந்தையை நுண்ணுயிர் நொதிகள் எப்போதோ பிடித்துவிட்டன. ஆனால் மூலப்பொருள் விளையும் இடத்திலேயே, சுத்திகரிக்காத நிலையிலேயே அந்த நொதியை வேலை வாங்கலாம். தேவையில்லாத இடத்தில் அதை நிறுத்தவும் செய்யலாம். பெகு, தட்டோன், மோல்மேன் பக்கம் ஆலையோ சோப்புப் பட்டறையோ வைத்திருக்கும் நம்மவர்களும், வேதியியல் படிக்கும் அவர்கள் பிள்ளைகளும் செய்து பார்க்கக்கூடிய அளவில் இதை எழுதுகிறேன்.

நொதி என்ன செய்கிறது, எவ்வளவு நீர் கேட்கிறது

எண்ணெயின் ஒரு மூலக்கூறு என்பது ஒரு கிளிசராலுடன் மூன்று கொழுப்பமிலங்கள் கோத்த அமைப்பு. லைபேஸ் ஒவ்வொரு பிணைப்பாக அறுக்கிறது. ஒரு பிணைப்பு அறுபட ஒரு மூலக்கூறு நீர் செலவாகிறது. முழுவதும் பிளந்தால் 100 கிலோ எண்ணெயும் சுமார் 6 கிலோ நீரும் சேர்ந்து, ஏறத்தாழ 96 கிலோ கொழுப்பமிலமும் 10 கிலோ கிளிசராலும் ஆகும்.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துத் தவிட்டைப் பாருங்கள். 100 கிலோ பச்சரிசித் தவிட்டில் 15 முதல் 20 கிலோ எண்ணெய் இருக்கும். 18 கிலோ என்று வைத்தால், அது முழுவதும் பிளக்க 1.1 கிலோ நீர் போதும். தொட்டால் காய்ந்தது போலத் தெரியும் தவிட்டிலும் 12 கிலோ ஈரம் இருக்கிறது. வெயிலில் ஒரு நாள் காய வைத்தும் தவிடு கசக்கிறதே என்று குழம்புகிறவர்களுக்கு விடை இதில்தான் உள்ளது. வெயில் நொதியைக் கொல்வதில்லை, அதற்கு வேண்டிய நீரை முழுவதும் எடுத்துவிடுவதும் இல்லை.

இன்னொரு பண்பும் முக்கியமானது. லைபேஸ் எண்ணெயும் நீரும் சந்திக்கும் விளிம்பில்தான் வேலை செய்யும். அந்த விளிம்பின் பரப்பு கூடக் கூட வேகமும் கூடும். கலக்குவதும், பால் போலக் குழம்பாக்குவதும், தூளில் பரப்புவதும் இதற்காகத்தான். நெல் மணிக்குள் நொதி ஓர் அடுக்கிலும் எண்ணெய் வேறோர் அடுக்கிலும் பிரிந்தே இருக்கின்றன. அதனால்தான் நெல் மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கிறது. தீட்டும் கல் உரசிய நொடியில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. வெப்பமும் ஈரமும் மிகுந்த நாட்களில் தவிட்டு எண்ணெயின் கொழுப்பமில அளவு நாளொன்றுக்கு 5 முதல் 7 சதவீதம் வரை ஏறுகிறது. ஒரு மாதம் விட்டால் 70 சதவீதத்தைத் தொடும்.

எந்தத் தாவரம் எதற்கு உதவும்

விதை உள்ள தாவரம் எதிலும் லைபேஸ் உண்டு. முளைக்கும் விதை தன் எண்ணெயைச் சர்க்கரையாக்கித்தான் வேர்விட வேண்டும், அதற்கு முதல் வெட்டு விழ வேண்டியது கொழுப்பில். ஓட்ஸ், கோதுமை முளை, கடுகு என நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். நாம் அறிந்திருக்க வேண்டியவை நான்குதான்.

ஆமணக்கை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் துறையே அதில் தொடங்கியது. முளைக்கும் ஆமணக்கு விதையில் கொழுப்பைப் பிளக்கும் நொதி இருப்பதை ரெனால்ட்ஸ் கிரீன் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1890ஆம் ஆண்டு வாக்கில் எழுதினார். 1902இல் கான்ஸ்டைன், ஹோயர், வார்ட்டன்பர்க் என்ற மூன்று ஜெர்மானியர்கள், முளைக்காத விதையிலேயே அந்த நொதி இருக்கிறது, சற்றே புளிப்பான சூழலில் அது நன்றாக வேலை செய்கிறது என்று காட்டினார்கள். அதைக் கொண்டு ஜெர்மனியில் சோப்புக்கான கொழுப்பைப் பிளக்கும் தொழிலே நடந்தது. பிறகு உயரழுத்தக் கோபுரங்கள் வந்து அதைத் தள்ளிவிட்டன. அந்த அமில லைபேஸின் மரபணுவை 2004இல்தான் அடையாளம் கண்டார்கள். மற்றத் தாவர லைபேஸ்கள் நடுநிலையிலோ காரத்திலோ வேலை செய்யும்போது, இது pH 4.5 அளவுள்ள அமிலச் சூழலில் வேலை செய்வது அதன் சிறப்பு (pH அளவில் 7 நடுநிலை, அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம்).

ஆனாலும் ஆமணக்கு விதையை உங்கள் பட்டறையில் அரைக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். விளக்கெண்ணெயில் வராத ரைசின் என்ற கொடிய நஞ்சு, விதைப் பருப்பிலும் பிண்ணாக்கிலும் தங்கிவிடுகிறது. தூசியாக மூச்சில் போனாலும் ஆபத்து. உரிய பாதுகாப்புள்ள ஆய்வகங்களுக்கு மட்டுமே உரிய பொருள் அது.

எண்ணெய்ப்பனை இரண்டாவது. தனிந்தாரிப் பகுதியில் தோட்டம் உள்ளவர்களுக்கு இது தெரிந்த தொல்லை. பழம் விழுந்து அடிபட்டால் சதையில் உள்ள லைபேஸ் விழித்துக்கொண்டு, மணிக்கணக்கில் எண்ணெயைப் புளிக்க வைத்துவிடும். கச்சாப் பாமாயில் வணிகத்தில் கொழுப்பமிலம் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது பொது வழக்கம். ஆகவே ஆலைக்குள் வந்ததும் முதல் வேலையாகக் குலைகளை நீராவியில் அவிக்கிறார்கள். இந்த லைபேஸின் மரபணுவை 2013இல் கண்டுபிடித்தார்கள், அது குறைவாக உள்ள மரங்களைத் தேர்ந்து வளர்க்கும் வழியும் அதனால் திறந்திருக்கிறது. அடிபட்டு உதிர்ந்த பழங்களை நல்ல குலைகளோடு சேர்க்காமல் தனியே ஒதுக்கிச் சோப்புக்கு அனுப்புவது எளிய வழி.

மீதியுள்ள தவிடும் பப்பாளிப் பாலும்தான் இந்த வழிகாட்டியின் மையம்.

முதல் படி: அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

நாக்கையும் மூக்கையும் நம்பி இந்தத் தொழிலைச் செய்ய முடியாது. கொழுப்பமிலத்தை அளக்கத் தெரியாதவர் தவிட்டு வியாபாரத்தில் எப்போதும் மற்றவர் சொல்லும் தரத்துக்குத்தான் தலையாட்ட வேண்டியிருக்கும். தேவையானவை சில பொருள்கள்தான்: 0.01 கிராம் காட்டும் தராசு, ஒரு பியூரெட் (கரைசலை அளந்து சொட்டும் கண்ணாடிக் குழாய்), கூம்புக் குடுவைகள், எரிசோடா, சாராய வகை எத்தனால், பினால்ஃப்தலீன் (காரத்தில் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டி). பள்ளி ஆய்வகத்தில் இருப்பவைதான்.

எரிசோடாக் கரைசலை 0.1 நார்மல் அளவில் தயாரியுங்கள், அதாவது லிட்டருக்கு 4 கிராம். எரிசோடா காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பதால் எடை பொய் சொல்லும். ஆகவே ஆக்சாலிக் அமிலக் கரைசலோடு ஒப்பிட்டு உண்மையான வலிமையைக் கண்டுபிடித்துப் புட்டியில் தேதியோடு எழுதி ஒட்டுங்கள். எத்தனாலில் இரண்டு துளி பினால்ஃப்தலீன் விட்டு, வெளிர் இளஞ்சிவப்பு வரும் வரை கரைசலைச் சொட்டி, அதன் சொந்தப் புளிப்பை முதலில் நீக்குங்கள். இதைத் தவிர்த்தால் எல்லா அளவும் கூடுதலாகவே வரும்.

5 கிராம் எண்ணெயைக் குடுவையில் எடுத்து, இந்த எத்தனாலில் 50 மில்லி ஊற்றி வெந்நீர்த் தொட்டியில் சூடாக்குங்கள். நேரடித் தீ கூடாது. பிறகு நன்றாகக் குலுக்கிக்கொண்டே எரிசோடாவைச் சொட்டுங்கள். இளஞ்சிவப்பு 30 விநாடி நிலைத்தால் நிறுத்துங்கள். செலவான மில்லியை நார்மலால் பெருக்கி, 28.2ஆல் பெருக்கி, எண்ணெயின் எடையால் வகுத்தால் ஒலியிக் அமிலக் கணக்கில் சதவீதம் வரும். 8.9 மில்லி செலவானால் 8.9 × 0.1 × 28.2 ÷ 5, அதாவது 5 சதவீதம். வியாபாரிகள் சிலர் அமில எண் என்ற வேறு கணக்கில் பேசுவார்கள். அது இந்தச் சதவீதத்தின் ஏறத்தாழ இரு மடங்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு விலை பேசினால் நட்டம் உங்களுக்குத்தான், எந்தக் கணக்கு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். எண்ணெய் மிகவும் பிளந்திருந்தால் 5 கிராமுக்குப் பதில் 1 கிராம் எடுங்கள், பியூரெட்டை மீண்டும் மீண்டும் நிரப்ப வேண்டியிருக்காது.

தவிட்டை நேரடியாக அளக்க, 10 கிராம் தவிட்டை 100 மில்லி பெட்ரோலியம் ஈதரில் அரை மணி குலுக்கி, வடிகட்டி, காற்றோட்டமான இடத்தில் வெந்நீர்த் தொட்டி மேல் கரைப்பானை ஆவியாக்கி, மிஞ்சும் எண்ணெயை எடை பார்த்து மேற்சொன்னபடி சோதிக்க வேண்டும். ஈதர் ஆவி தரையோடு தவழ்ந்து சென்று தூரத்து அடுப்பிலும் தீப்பிடிக்கும். கல்லூரி ஆய்வகத்தின் புகைக்கூண்டில் மட்டும் செய்யுங்கள்.

இரண்டாம் படி: உண்ணும் எண்ணெயா, கொழுப்பமிலமா என்று முடிவு செய்யுங்கள்

இந்த முடிவை நாள் கணக்கில் தள்ளிப்போட முடியாது, மணிக்கணக்கில் எடுக்க வேண்டும். கொழுப்பமிலம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் தவிட்டு எண்ணெய் உண்பதற்கு நல்லது. 10 சதவீதத்தைத் தாண்டினால் உணவுக்கு ஏற்றதாகக் கருத மாட்டார்கள். சுத்திகரிக்கும்போது புளித்த பகுதியோடு நல்ல எண்ணெயும் சேர்ந்து வெளியேறுவதால் இழப்பும் கூடிவிடும். 10க்கும் 50க்கும் நடுவில் உள்ள தவிடு இரண்டுக்கும் முழுமையாக உதவாது. நம் ஆலைகளில் பெரும்பாலும் நடப்பது இந்த நடுநிலைதான். நிறுத்துவதென்றால் அரைத்த சில மணி நேரத்துக்குள் நிறுத்த வேண்டும், பிளக்க விடுவதென்றால் முழுவதும் பிளக்க விட வேண்டும்.

அளவு தெரிய ஒரு கணக்கு. நாளுக்கு 20 டன் நெல் அரைக்கும் ஆலையில் நெல்லின் எடையில் 8 சதவீதம் தவிடு என்றால் 1.6 டன். அதில் 16 சதவீதம் எண்ணெய் என்றால் 256 கிலோ, பர்மிய வீசைக் கணக்கில் (ஒரு வீசை சுமார் 1.63 கிலோ) 157 வீசை. நாள்தோறும் இவ்வளவு எண்ணெய் தீவன மூட்டைக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

மூன்றாம் படி: நிறுத்தும் வழி

நம் வீடுகளில் இதற்கு விடை எப்போதும் இருந்தது. புழுங்கல் அரிசித் தவிடு கசக்காது, ஏனென்றால் நெல்லை அவிக்கும்போதே நீராவி லைபேஸைக் கொன்றுவிடுகிறது. ரங்கூன் ஆலைகள் ஒரு காலத்தில் சென்னைக்கும் இலங்கைக்கும் புழுங்கல் அரிசி அரைத்து அனுப்பியவை. புழுங்கல் தவிட்டில் எண்ணெயும் கூடுதல், 20 சதவீதத்தைத் தாண்டும். ஆனால் சுற்றிலும் உள்ள பர்மியர் உண்பது பச்சரிசி, ஆகவே ஆலைகளில் விழுவதும் பெரும்பாலும் பச்சைத் தவிடுதான். புழுங்கலுக்கும் ஒரு குறை உண்டு. அவிக்கும்போது இயற்கையான காப்புப் பொருள்களும் ஓரளவு அழிவதால், காற்றுபட்டு வரும் வேறு வகைக் காறல் அதில் சீக்கிரம் பிடிக்கும். அவித்த தவிட்டையும் காற்றுப் புகாமல் கட்ட வேண்டும்.

பச்சைத் தவிட்டுக்கு வெப்பம் ஒன்றே நம்பகமான வழி. நவீன ஆலைகளில் தவிட்டைத் திருகு எந்திரத்தில் அழுத்திச் சுமார் 125 முதல் 130 டிகிரிக்குச் சில விநாடிகள் கொண்டுபோய், பிறகு சில நிமிடம் அந்தச் சூட்டிலேயே வைத்து ஆற்றுகிறார்கள். அந்த எந்திரம் இல்லாதவர்கள் நீராவியைப் பயன்படுத்தலாம். உமி எரித்து எரிவாயு எடுத்து ஓடும் ஆலைகள் கழிமுகத்தில் ஏராளம், உமிக்குப் பஞ்சமில்லை. சல்லடைத் தட்டுகளில் இரண்டு விரற்கடைக்கு மேல் போகாமல் தவிட்டைப் பரப்பி, நடுவிலும் நீராவி ஊடுருவும்படி அவித்து, உடனே உலர்த்தி, 10 சதவீதத்துக்குக் கீழே ஈரத்தைக் கொண்டுவாருங்கள். வாணலியில் வறுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. உலர்ந்த சூட்டில் நொதி பெரும்பாலும் மயங்கிக் கிடக்குமே தவிர முழுதும் அழிவதில்லை, ஈரம் பட்டதும் மீண்டும் எழுகிறது. ஈரத்தோடு சேர்ந்த சூடுதான் அதை நிரந்தரமாகக் கெடுக்கும்.

அவிந்தது போதுமா என்று பார்க்கக் குவாயகால் சோதனை செய்யலாம். தவிட்டில் பெராக்சிடேஸ் என்று இன்னொரு நொதி இருக்கிறது, அது லைபேஸைவிடச் சூடு தாங்கும். ஒரு கரண்டித் தவிட்டில் நீர் ஊற்றிக் கலக்கி, குவாயகால் கரைசலும் நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடும் சில துளி விடுங்கள். செம்பழுப்பு நிறம் வந்தால் பெராக்சிடேஸ் உயிரோடு இருக்கிறது, சூடு போதவில்லை. சில நிமிடம் கழித்தும் நிறம் வராவிட்டால் லைபேஸும் ஒழிந்திருக்கும் என்று நம்பலாம். தட்டின் ஓரத்தில் எடுக்காமல் நடுவில் எடுத்துச் சோதியுங்கள்.

நான்காம் படி: பிளக்க விடும் வழி

அவிக்க வசதியில்லாத சிறு ஆலைக்கும் சோப்புப் பட்டறைக்கும் இதுவே உகந்தது என்று நினைக்கிறேன். தவிட்டு லைபேஸ் 37 டிகிரிக்கு அருகில், pH 7.5 முதல் 8 வரையான லேசான காரநிலையில் சுறுசுறுப்பாக இருக்கும். நம் ஊர்ச் சூடு இலவசமாகவே கிடைக்கிறது.

தவிட்டைச் சலித்து உமித்துண்டு, குருணையை நீக்குங்கள். நிழலில் சிமென்ட் தரையில் ஒரு முழத்துக்குக் குறைவான உயரத்தில் பரப்புங்கள். ஈரம் சற்றுக் கூடினால் பிளப்பு விரைவாகும், ஆனால் 15 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். பூஞ்சணமும் லைபேஸ் சுரக்கும் என்பதால் பிளப்பு நிற்காது, ஆனால் பிண்ணாக்கைப் பிறகு தீவனமாக விற்க முடியாமல் போகும். பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கைக் கோழிக்கும் மாட்டுக்கும் போடவே கூடாது. குவியலுக்குள் கையை விட்டுப் பாருங்கள். உள்ளே சூடு ஏறினால் புரட்டிப் போடுங்கள். ஈரத் தவிடு தானாகவே சூடேறும் இயல்புடையது, மூட்டைகளாக அடுக்கினால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை.

இரண்டு நாளுக்கு ஒருமுறை அளந்து தேதியோடு எழுதுங்கள். முதல் வாரத்தில் ஏற்றம் செங்குத்தாக இருக்கும், பிறகு சாய்ந்துவிடும். சாய்ந்த பிறகும் காத்திருப்பது இடத்துக்கும் நேரத்துக்கும் வீண்.

பிளந்த தவிட்டிலிருந்து எண்ணெய் எடுப்பது அடுத்த கேள்வி. திருகுச் செக்கில் ஆட்டினால் ஒரு பகுதிதான் வரும், மீதி பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். முழுவதும் எடுக்க, எண்ணெயைக் கரைப்பானில் கரைத்துப் பிரிக்கும் கரைப்பான் ஆலை வேண்டும், அதை வீட்டுப் பட்டறையில் செய்யக்கூடாது. பல சிறு ஆலைகள் சேர்ந்து ஒரே அளவுக்குப் பிளந்த தவிட்டைக் கரைப்பான் ஆலைக்கு அளவுச் சீட்டோடு விற்பதே நடைமுறைக்கு ஏற்றது. கலவையான தரத்தைவிட உறுதியான தரத்துக்கு விலை பேச முடியும்.

சோப்பு காய்ச்சுபவருக்கு இதில் கிடைக்கும் பெரிய லாபம் இனிதான். பிளக்காத எண்ணெயைச் சோப்பாக்க எரிசோடா கட்டாயம். கொழுப்பமிலமாகப் பிளந்துவிட்டாலோ மலிவான சோடா சாம்பலே போதும். 100 கிலோ தவிட்டுக் கொழுப்பமிலத்துக்குச் சுமார் 19 கிலோ நீரற்ற சோடா சாம்பல் பிடிக்கும். 70 சதவீதம் பிளந்த 100 கிலோ எண்ணெய் என்றால் முதலில் 13 கிலோ சோடா சாம்பலும், மீதியுள்ள 30 கிலோ எண்ணெய்க்காகப் பிறகு 4 கிலோ எரிசோடாவும் போதுமானவை. படிகமாக விற்கும் சலவைச் சோடாவில் பாதிக்கு மேல் நீர்தான், அதைப் பயன்படுத்தினால் 2.7 மடங்கு எடை போட வேண்டும். சோடா சாம்பல் சேரும்போது கரியமிலவாயு பொங்கும், கொப்பரையில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், சோடாவைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். தவிட்டுக் கொழுப்பில் ஒலியிக், லினோலியிக் அமிலங்கள் மிகுதி என்பதால் சோப்பு மென்மையாக வரும். கட்டியாக வேண்டுமென்றால் தேங்காய் எண்ணெயோ பாமாயிலின் கெட்டிப் பகுதியோ கலக்க வேண்டும்.

ஐந்தாம் படி: பப்பாளிப் பாலிலிருந்து நொதித்தூள்

இது வேறு வகை வாய்ப்பு. தவிட்டு நொதி மொத்த வேலைக்கு, பப்பாளி நொதி நுட்ப வேலைக்கு. பப்பாளிப் பாலில் பப்பைன் என்ற புரதம் கரைக்கும் நொதி இருப்பது எல்லோருக்கும் தெரியும், இறைச்சியை மென்மையாக்கவும் பீர் தெளியவும் விற்கிறார்கள். பப்பைனை நீரில் கரைத்தெடுத்த பிறகு மிஞ்சும் கரையாத சக்கையில் லைபேஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தொழிற்சாலைகளில் நொதியைப் பிளாஸ்டிக் மணிகளில் ஒட்ட வைக்கச் செலவழிக்கிறார்கள், இதுவோ இயற்கையிலேயே திடப்பொருளில் ஒட்டிய நொதி. வேலை முடிந்ததும் வடிகட்டி எடுத்து மறுபடி பயன்படுத்தலாம்.

முற்றிய, ஆனால் பழுக்காத பச்சைக் காயில் விடியற்காலையில் மேலோட்டமாகக் கீறுங்கள். ஆழமாகக் கீறினால் காய் அழுகும். வடியும் பாலை இரும்பு படாமல் பிளாஸ்டிக் அல்லது பீங்கான் தட்டில் பிடியுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். இந்தப் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பெருங்கேடு. தூளும் சிலருக்கு ஒவ்வாமையையும் மூச்சிரைப்பையும் கொடுக்கும், முகமூடி இல்லாமல் கையாளாதீர்கள்.

பாலை 50 டிகிரிக்கு மேல் போகாமல் உலர்த்தி, பொடித்து, குளிர்ந்த காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, படிய விட்டு அல்லது மையவிலக்கியில் சுழற்றி மேல்நீரை ஊற்றிவிடுங்கள். மேல்நீர் தெளியும் வரை திரும்பத் திரும்பக் கழுவுங்கள். அந்த நீரில் போவது பப்பைன், வேண்டுமானால் அதையும் தனியே உலர்த்தலாம். கழுவுவதைக் குளிரிலும் விரைவாகவும் செய்ய வேண்டும், ஏனென்றால் பப்பைன் புரதங்களைத் தின்னும், லைபேஸும் ஒரு புரதம்தான். மின்வெட்டு வரும் நேரத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள், பனிக்கட்டிப் பெட்டி ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். மிஞ்சிய வெள்ளைச் சக்கையை உலர்த்திப் பொடித்து, ஈரம் புகாத புட்டியில் குளிர்பெட்டியில் வையுங்கள்.

இந்த நொதி எண்ணெய் மூலக்கூறின் இரு ஓரக் கொழுப்பமிலங்களை மட்டும் தேர்ந்தெடுத்து அறுக்கிறது, நடுவிலிருப்பதைத் தொடுவதில்லை. நீரே இல்லாத அளவுக்கு உலர்ந்த சூழலில் வைத்தால் திசை மாறி, அறுப்பதற்குப் பதில் புதிய கொழுப்பமிலத்தை அந்த ஓரங்களில் பொருத்தும். குழந்தைப் பால்பொடிக்கான கொழுப்பும், கோகோ வெண்ணெய்க்கு மாற்றான கொழுப்பும் இப்படி ஓரங்களை மாற்றித்தான் செய்யப்படுகின்றன. இன்று அந்த வேலையைச் செய்பவை பூஞ்சண லைபேஸ்கள். பப்பாளி நொதியும் அதே வேலையைச் செய்யும் என்பதை ஆய்வகங்கள் காட்டியிருக்கின்றன. மருந்து மூலக்கூறுகளில் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்ற இடக்கை, வலக்கை வடிவங்களைப் பிரிக்கவும் அது சோதிக்கப்பட்டிருக்கிறது.

ஆறாம் படி: நொதிக்கு உயிர் இருக்கிறதா என்று சோதித்தல்

10 கிராம் கடலை எண்ணெயை 90 மில்லி கருவேலம் பிசின் கரைசலில் நன்றாக அடித்துப் பால் போலக் குழம்பாக்குங்கள். தாங்கல் கரைசலும் (pH மாறாமல் பிடித்து வைக்கும் கரைசல்) நொதியும் சேர்த்து, பப்பாளித் தூள் என்றால் pH 8க்கும் 9க்கும் இடையிலும் 50 டிகிரியிலும், எண்ணெய் நீக்கிய தவிடு என்றால் pH 7.5இலும் 37 டிகிரியிலும் கலக்கிக்கொண்டே வையுங்கள். தவிட்டின் எண்ணெயைச் சூடில்லாமல் கரைப்பானால் நீக்கினால் நொதி சாவதில்லை. நீக்காமல் விட்டால் தவிட்டின் சொந்தக் கொழுப்பமிலமே கணக்கில் ஏறிவிடும்.

தொடக்கத்திலும், பிறகு 1, 2, 4, 8, 24 மணியிலும் 5 மில்லி எடுத்து, சம அளவு எத்தனாலும் அசிட்டோனும் கலந்த 20 மில்லியில் ஊற்றுங்கள். நொதி அந்த நொடியில் நின்றுவிடும். அதை 0.05 நார்மல் எரிசோடாவால் அளங்கள். இன்னொரு குடுவையில் அதே தூளைக் கொதிக்க வைத்துக் கொன்றபின் சேர்த்து, அதே போல அளங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் நொதியின் உழைப்பு. கொன்ற நொதிக் குடுவை இல்லாமல் செய்யும் சோதனைக்கு மதிப்பே கிடையாது, யார் செய்திருந்தாலும் சரி. நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல் கொழுப்பமிலம் வெளிவந்தால் அது ஓர் அலகு. உங்கள் தூளின் ஒரு கிராமில் எத்தனை அலகு என்று சொல்லத் தெரிந்தால்தான் வாங்குபவர் காது கொடுப்பார்.

எந்தச் சந்தையில் இடம் உண்டு

சலவைத்தூளில் இடமில்லை. 1988இல் லிபோலேஸ் என்ற பெயரில் பூஞ்சண லைபேஸ் சந்தைக்கு வந்தது முதல், அந்தத் துறை பெருந்தொட்டிகளில் வளர்க்கும் நுண்ணுயிர்களின் கையில் இருக்கிறது. விளைச்சல், விலை, சீரான தரம் எதிலும் ஒரு மரம் அதை வெல்ல முடியாது. பப்பாளிப் பாலின் திறன் மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதையும் மறைக்கக்கூடாது.

சோப்புக்கான பிளந்த தவிட்டு எண்ணெய் இன்றே செய்யக்கூடியது. புளிப்பு மிகுந்த எண்ணெயை அமில ஊக்கியோடு பயோடீசலாக மாற்றுவதும் நடைமுறையில் உள்ள தொழில்நுட்பம்தான், காரநிலை ஊக்கியோ கொழுப்பமிலத்தைச் சோப்பாக்கி வேலையைக் கெடுத்துவிடும் என்பதால் அமில ஊக்கியே வேண்டும். மீன் வறுக்கும் கடைகளின் பழைய எண்ணெயையும், சாக்கடையை அடைக்கும் கொழுப்பையும் எண்ணெய் நீக்கிய தவிட்டால் பிளப்பது ஒரு கல்லூரி மாணவர் ஓர் ஆண்டில் ஆராய்ந்து முடிக்கக்கூடிய நல்ல தலைப்பு. பப்பாளித் தூளை ஆய்வகங்களுக்கும் நறுமணப் பொருள் செய்பவர்களுக்கும் கிராம் கணக்கில் விற்கலாம், டன் கணக்குக் கனவு இப்போதைக்கு வேண்டாம்.

தொடங்குபவர் பணத்தை முதலில் தராசிலும் பியூரெட்டிலும் போடுங்கள். அடுத்தது ஈரம் அளக்கும் கருவி. ஓர் அறுவடைப் பருவம் முழுவதும் உங்கள் ஆலைத் தவிட்டின் கொழுப்பமிலத்தை நெல் வகை, ஈரம், சேமித்த நாள் ஆகியவற்றோடு ஒரு நோட்டில் பதிந்து வாருங்கள். அந்த நோட்டு கையில் இருக்கும்போது கரைப்பான் ஆலைக்காரரிடமும் சோப்புக்காரரிடமும் விலை பேசப் போங்கள்.